எட்டுப் போட்டவர்கள்

இருசக்கர வாகன உரிமம் பெறச் சென்ற எவரும் எட்டை மறந்திருக்க மாட்டார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தார் பார்த்திருக்க, கால் ஊன்றாமல் எட்டு வடிவில் சுற்றி வந்துவிட்டால் நாம் ஓட்டுநர். மெதுவாகச் செல்லும் வண்டியைச் சாயாமல் காக்கும் திறன் அதில் தெரியும் என்பது உண்மையே. ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஓர் ஆடு வந்தால் என்ன செய்வோம் என்று அந்த எட்டு கேட்பதில்லை. அந்த வேகத்தில் ஒரு நொடி திகைத்து நின்றால், வண்டி ஏறக்குறைய பதினேழு மீட்டர் கடந்துவிட்டிருக்கும்.

நம் தமக்கை மகன் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சைக்கு நாள்தோறும் வண்டியில் வேலைக்குச் சென்று வருகிறான். சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கும் உயர்நிலை ஓட்டுநர் பயிற்சியில் சேரவேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். "மாமா, இது ரேசுக்குப் போறதுக்கு இல்ல. பிரேக் பிடிக்கவும் வளைவுல திரும்பவும் முறையாச் சொல்லித் தர்றாங்க" என்பது அவன் வாதம். "இன்னும் கத்துக்கிட்டா இன்னும் வேகமாத்தான் போவான்" என்பது அக்காவின் அச்சம். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, படித்தவர் என்னும் ஒரே குற்றத்துக்காக நம் தலையில் விழுந்தது. தமிழ் இலக்கியம் படித்தவருக்கு இதில் என்ன தெரியும் என்று வாசகர் நகைக்கலாம். நாமும் நகைத்துவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தோம்.

முதலில் மருமகன் பக்கம். நம் ஊர்ப்புறங்களில் வண்டி பழகியவர் பெரும்பாலும் தந்தையிடமோ சித்தப்பாவிடமோ நண்பனிடமோ பழகியவர்களே. அவர்கள் தந்த முதல் உபதேசம், "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே" என்பது. இது பிழையான உபதேசம். வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின்சக்கரம் தரையைப் பற்றும் வலிமை குறைகிறது. எனவே நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையதே. காலால் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவரின் வண்டி வழுக்கும், அல்லது நிற்பதற்குள் வெகுதூரம் போய்விடும். முன்பிரேக்கைச் சட்டென்று பற்றாமல் படிப்படியாக அழுத்தப் பழகலாம். ஆனால் யாரேனும் அருகில் நின்று திருத்தவேண்டும். அதற்கு நம் ஊரில் ஆளில்லை.

ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்த அறிக்கை 1981இல் வெளிவந்தது. அதில் சிக்கிய ஓட்டுநருள் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாதவர்கள். மருமகன் வென்றான் என்றே எண்ணினோம். சற்று நிதானித்தால் அந்த எண் தனியே எதையும் மெய்ப்பிப்பதில்லை. சாலையில் செல்வோருள் பெரும்பாலோர் பயிற்சியற்றவராயின் விழுந்தவர்களும் அவ்வாறே இருப்பர்.

அதன் பின்னர்ப் படித்தவை அக்காவுக்குச் சாதகமாயின. 2010இல் காக்ரேன் தொகுப்பாய்வு 23 ஆய்வுகளை ஒப்புநோக்கி, பயிற்சியால் விபத்து குறைகிறதென்றோ இல்லையென்றோ துணியச் சான்று போதாது என்று நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிய ஓட்டுநர் 2,399 பேரைக் குலுக்கல் முறையில் இரு அணியாக்கி, ஓர் அணிக்குச் சாலையிலேயே பயிற்சி தந்து பார்த்தார்கள். 2016இல் வெளியான அதன் முடிவு: விபத்து குறையவில்லை, தன்னம்பிக்கையும், தாமே ஒப்புக்கொண்ட மிகுவேகமும் கூடியிருந்தன. நார்வேயில் 1979இல் கார் ஓட்டுநருக்கு வழுக்குத் தரைப் பயிற்சியைப் புகுத்திய பிறகு இளம் ஆண்களிடையே வழுக்கல் விபத்து கூடியதாம். படிக்காத அக்கா இதையேதான் ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

சங்க இலக்கியத்தில் தேர்ப்பாகனுக்கு வலவன் என்று பெயர். வல்லமை அப்பெயரிலேயே ஒலிக்கிறது. ஆயினும் அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், துணையோடு பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் இதை அருளுக்குச் சான்றாக ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். வழியில் வேறு உயிர்கள் உண்டு என்று முன்கூட்டியே எண்ணுவதும் ஓட்டுநரின் கல்விதான் என்று இம்முறைதான் சொல்லத் தோன்றியது.

நம் சாலைகளையும் பார்க்கவேண்டும். வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பு வட்டாரத்தில் கரையோரச் சாலைகள் ஆறு வளைந்தபடி வளைகின்றன. பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். 17 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு மேல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்னும்போது விவசாயி வேறெங்கே காயவைப்பார்? நெல்லைக் காக்க விளிம்பில் கல்லும் கட்டையும் வைத்திருப்பார். இருட்டிய பின்னும் அவை அங்கேயே கிடக்கும். பின்விளக்கில்லாத டிராக்டர் இழுவை வேறு. சிதறிய நெல்லின்மேல் எந்தப் பந்தயத் தடத்துப் பயிற்சியும் டயரைப் பிடித்து நிறுத்தாது. அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றே வித்தை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர், அவருள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். இவ்வளவு பேரையும் பந்தயத் தடத்துக்கு அனுப்ப இயலாது. தலைக்கவசமோ, விபத்தில் சிக்கியவர் சாகும் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைக்கிறது. அதற்குத் தன்னம்பிக்கை தேவையில்லை, வாரைப் பூட்டினால் போதும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், திகைத்த கைக்கும் துணை நிற்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். மருமகனுடையது நூறு சிசி வண்டி.

ஆகவே இப்படித் தீர்த்தோம். பெட்ரோல் டாங்கின்மேல் பயணம் செய்யும் தலைக்கவசம் முதலில் தலைக்கு ஏறவேண்டும். சேமிப்பு அடுத்து ஏபிஎஸ் உள்ள வண்டிக்குப் போகட்டும். அதன்பிறகும் ஆசை இருப்பின் பயிற்சிக் கட்டணத்தில் பாதி நம்முடையது. முன்பிரேக்கின் அச்சம் தீர்வதற்காகவேனும் அது தகும். அக்கா அரைமனதாகச் சம்மதித்தாள். மருமகன் தலைக்கவசத்துக்கு மறுப்பொன்றும் சொல்லவில்லை. பழைய வண்டியின் கடன் தவணை இன்னும் பதினான்கு பாக்கி என்று மட்டும் சொன்னான்.