தின்பண்டமும் சொல்லும்

நாய்க்கு 'வா' என்பது முதலில் வெறும் ஓசை. அது சொல்லாக மாற, ஓசைக்கும் உடலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நிகழ வேண்டும். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு லாப்ரடார் குட்டிக்கு அந்த இடத்தில் வந்தது, பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு.

சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கும் நண்பருக்கு இது ஒப்பவில்லை. "அன்பால வர வேண்டியத லஞ்சம் குடுத்து வாங்கறீங்க சார்" என்றார். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல. ஆனால் லஞ்சம் காரியத்துக்கு முன்னால் காட்டப்படுவது. துண்டைக் காட்டிக் கூப்பிட்டால் நாய் துண்டுக்குத்தான் வரும். சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. சொல் முதலில், வருகை அடுத்து, வந்த கணத்திலேயே துண்டு. சற்றுத் தாமதித்தாலும், இடையில் அது செய்த வேறெதற்கோ கூலி போய்ச் சேர்ந்துவிடும். பழகிய பிறகு, சில தடவை உண்டு, சில தடவை இல்லை. எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதே பழக்கத்தை நீடிக்கச் செய்கிறது என்பதை ஸ்கின்னர் எலிகளிடமும் புறாக்களிடமும் கண்டார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்படும் வரை சீட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, 'போதும்' என்ற உணர்வோடு தொடர்புள்ள மரபணு ஒன்றில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அவர்கள் பார்த்த உதவி நாய்களிலோ அது முக்கால் பங்கு. அடங்காத பசியைத்தான் கீழ்ப்படிதல் என்று எண்ணிப் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறோமோ? நன்றி என்று நாம் கொண்டாடும் குணத்தில் பசியின் பங்கு எவ்வளவு?

பசியின் வழியாக வந்தது என்பதால் ஒரு சொல் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நமக்கு நிலாவைக் காட்டியதும் சோறு ஊட்டிய கைதான். ஆனால் பசியைப் பயன்படுத்துகிறவன் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். கொடுத்த துண்டுகளை அன்றைய சோற்றில் கழித்துவிடுகிறேன்.

போன மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கருவாட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. 'வா' என்றேன். நின்றது, கருவாட்டுப் பக்கம் ஒரு பார்வை, திரும்பி வந்தது. என் வெறுங்கையை நக்கிப் பார்த்துவிட்டுக் காலருகில் உட்கார்ந்தது.

நண்பரிடம் சொன்னேன். "அடுத்த தடவையும் வருதான்னு பாருங்க" என்றார்.