பொய் சொல்லும் கம்பி!

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடித்தால், சுண்ணாம்புக்கல் லாரிகள் உபயத்தில் ஃப்ரீயா பவுடர் பூச்சு கிடைக்கும் பாஸ்! டைனோசர் காலத்தில் இங்கே கடல். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் கல்மரமும், காரை பக்கம் கிடைக்கும் அம்மோனைட் படிவங்களும் அதுக்கு சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்னிக்கு சிமென்ட்.

நாங்க 'ஐ.வி.' போனதும் ஒரு சிமென்ட் ஆலைக்குத்தான். சுழலும் சூளைக்குள் 1,450 டிகிரி. அதுக்கு முன்னாடி, கோபுரமா நிற்கும் ப்ரீஹீட்டரின் அடியில் கிட்டத்தட்ட 900. 'இந்தச் சூட்டை எதை வெச்சு அளக்கறாங்க?'

இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷன் அண்ணன் காட்டியது ரெண்டே கம்பி. குரோமெல், அலுமெல். முனைகளைச் சேர்த்துச் சூடாக்கினால் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். 1821-ல் சீபெக் கண்டுபிடிச்ச சமாச்சாரம். பேர், தெர்மோகப்பிள்.

"காத்து நல்லா பட்டா இது தாங்கும் தம்பி. குரோமியம் தன் மேலயே ஆக்சைடு போர்வை போத்திக்கும். கொஞ்சூண்டு காத்து மாட்டிக்கிட்டாதான் வில்லங்கம்!"

குறுகலான குழாய்க்குள் அரைகுறை ஆக்சிஜன் இருந்தால், 800-லிருந்து 1,050 டிகிரிக்குள் குரோமியம் மட்டும் தனியா அரிச்சுப்போகும். கம்பி பச்சையாகும். 'கிரீன் ராட்'னு பேர். கம்பி அறுந்தா திரையில் உடனே தெரியும். இது அறாது, குறைச்சுக் காட்டும். 900 டிகிரியை 870-னு சொன்னா, கன்ட்ரோல் ரூம்ல நிலக்கரியைக் கூட்டுவாங்க. சூடு எகிறி, மாவு ஒட்டி, சைக்ளோன் அடைச்சுக்கும். அடைப்பை எடுக்கப் போகிறவர் மேல அந்த நெருப்பு மாவு கொட்டினா..? யோசிச்சுப் பாருங்க.

அதனால்தான் கம்பிகளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி, இன்கோனல் உறையில் வெச்சு, முனையை வெல்டிங் பண்ணி மூடறாங்க. இன்னும் சூடான இடத்துக்கு பிளாட்டினம்-ரோடியம் கம்பி, அலுமினா குழாய். ஒண்ணு, காத்து தாராளமா வரணும். இல்லே, வரவே கூடாது!

கிளம்பும்போது அண்ணன் ஒரு காந்தத்தையும், கழட்டிப்போட்ட பழைய குரோமெல் கம்பியையும் நீட்டினார்.

"நல்ல குரோமெல்ல காந்தம் ஒட்டாது. வெச்சுப் பாரு..."

'டக்'குனு ஒட்டிக்கிச்சு.

"பாத்தியா, எத்தனை நாளா பொய் சொல்லிச்சோ!"

பஸ்ஸில் திரும்பும்போது அந்த 'டக்' மட்டும் காதிலேயே இருந்தது.