ஊர் கேட்ட கேள்வி

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாமாண்டு)

“கெட்டும் பட்டணம் சேர்” என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. என் தந்தையார் அதைச் சற்றே மாற்றி, “படிச்சும் பட்டணம் சேர்” என்பார். ஆனால் “பட்டணம் வேண்டாம், எங்கள் சிற்றூருக்கு வாருங்கள், வந்து குடியிருங்கள்” என்று அயல்நாட்டாரை அழைக்கும் நாடு ஒன்று உண்டு என்பதை என் அக்காவால் அறிந்தேன். அந்தக் கதையையும், அது என் உள்ளத்தில் எழுப்பிய வினாவையும் ஆசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்து கொள்ள விழைகிறேன்.

அந்த நாடு கனடா. பரப்பளவில் உலகில் இரண்டாவது பெரிய நாடு. மக்கள் தொகையோ ஏறத்தாழ 4 கோடி. அங்கே குடியேற வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் டொராண்டோ, மாண்ட்ரியல், வான்கூவர் என்னும் மூன்று பெருநகரங்களிலேயே தங்கிவிடுகின்றனர். சிற்றூர்களில் பிறந்த இளைஞர்களும் அந்நகரங்களுக்கே போய்விடுகின்றனர். எஞ்சியிருப்போர் முதியவர்கள். சுரங்கத்தில் பற்றவைப்பு வேலைக்கு ஆளில்லை. முதியோர் இல்லங்களில் படுக்கையைச் சுத்தம் செய்ய ஆளில்லை. இந்தக் குறையைத் தீர்க்க 2019 இல் கனடிய அரசு ‘கிராமப்புற, வடபகுதிக் குடியேற்ற முன்னோட்டத் திட்டம்’ ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் 11 ஊர்கள் சேர்ந்தன. தங்கச் சுரங்கங்களுக்குப் பெயர்போன டிம்மின்ஸ், நிக்கல் எடுக்கும் சட்பரி முதல், நாலாயிரம் பேர்கூட இல்லாத கிளேர்ஸ்ஹோம் வரை அவற்றில் அடங்கும்.

இத்திட்டத்தின் புதுமை என்னவென்றால், யார் வரவேண்டும் என்பதை முதலில் பார்த்தது தலைநகரம் அன்று. அந்த ஊரே பார்த்தது. அவ்வூரில் ஒரு முதலாளி வேலை தர முன்வர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குள் ஓராண்டு வேலை அனுபவம், அதாவது 1,560 மணி நேரம், இருக்க வேண்டியிருந்தது. மொழித் தேர்வில் குறித்த நிலை தேவைப்பட்டது. இத்தனைக்கும் பிறகு ஊரின் பொருளாதார வளர்ச்சி அமைப்பு பரிந்துரைத்தால்தான் நிரந்தர வசிப்புரிமைக்கு அரசிடம் விண்ணப்பிக்க முடிந்தது. அந்த ஊரிலேயே வாழும் எண்ணம் உண்டு என்பதையும் காட்ட வேண்டியிருந்தது.

என் அக்கா செவிலியர்ப் பட்டயம் பெற்றவள். அப்பா கொத்தனார், அம்மா களையெடுக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அக்கா நான்காண்டுகள் தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுப்பணி பார்த்தாள். வாங்கிய சம்பளம் பேருந்துக்கும் விடுதிக்கும் போக, அப்பாவின் கடன் வட்டிக்கே சரியாக இருந்தது. அப்போதுதான் அவளுடைய மூத்த தோழி ஒருத்தி ஒண்டாரியோ மாநிலத்தின் வடபகுதியிலிருந்து இத்திட்டத்தைப் பற்றிச் சொன்னாள். இதற்கிடையே, வேலைக் கடிதம் வாங்கித் தருவதாக ஒரு தரகர் எட்டு இலட்சம் கேட்டார். அப்பா மனைப் பத்திரத்தைக் கூட எடுத்து வைத்துவிட்டார். “வேலைக் கடிதத்துக்குக் காசு கேட்கிறவன் மோசக்காரன், ஒரு பைசா கொடுக்காதே” என்று அந்தத் தோழி தடுத்திராவிட்டால், இன்று எங்களுக்குக் குடியிருக்க மனை இருந்திராது.

தோழி முயன்று முதியோர் இல்லம் ஒன்றில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. செவிலியர் வேலையன்று, செவிலியர் உதவியாளர் வேலை. அங்கே செவிலியராகப் பணிபுரிய அந்தந்த மாநிலத்தில் தனியே பதிவு பெற வேண்டும்; அதற்கெனத் தேர்வும் எழுத வேண்டும். செவிலியராகப் பெற்ற அனுபவத்தை உதவியாளர் வேலைக்குக் கணக்கில் கொள்ளத் திட்டத்தின் விதி இடம் கொடுத்தது. “நர்சுக்குப் படிச்ச புள்ள ஆயா வேலைக்கா போறது?” என்று அம்மா அழுதார். “நோயாளியக் குளிப்பாட்டுறது எந்த ஊர்லயும் ஒண்ணுதாம்மா” என்றாள் அக்கா.

2023 ஆம் ஆண்டு. நான் அப்போது மேல்நிலைப் பள்ளி மாணவி. வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் என்று என்னிடம் தாள்களைக் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு கேள்வி: “எங்கள் ஊரில் வாழ ஏன் விரும்புகிறீர்கள்?”

நான் ஓர் இரவு முழுதும் கண்விழித்து எழுதினேன். பனி படர்ந்த காடுகள் என்றேன். ஏரியில் மீன் பிடிக்கும் இன்பம் என்றேன். உயிருள்ளவரை அவ்வூரை விட்டு அகலேன் என்றும் எழுதி, என் ஆங்கிலத்தை நானே மெச்சிக் கொண்டேன். காலையில் வாசித்துப் பொருள் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டாள்.

“ஏ புள்ள, நான் என்னைக்கு மீன் புடிச்சேன்? அதை எடு. சாகுற வரைக்கும் இருப்பேன்னு எழுதியிருக்கியே, அதையும் எடு. தெரியாததைச் சொல்லக் கூடாது.”

“அப்ப என்னக்கா எழுத?”

சற்று நேரம் எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: “நானும் சின்ன ஊர்க்காரி. புள்ளைங்க வெளியூர் போயிட்டா பெத்தவங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களப் பாத்துக்க எனக்குத் தெரியும். அவ்வளவுதான், எழுது.”

அவ்வளவுதான் எழுதினேன். பரிந்துரை வந்தது. 2024 கோடையில் அக்கா புறப்பட்டுப் போனாள். அவ்வாண்டு ஆகஸ்டுடன் அத்திட்டம் முடிவடைந்தது. 2025 ஜனவரி 30 அன்று 14 ஊர்களோடு புதிய கிராமப்புறத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

சென்ற ஆண்டு அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்தது. நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும். நகரத்து மருத்துவமனைக்குப் போய் வந்தால் அம்மாவின் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே கைப்பேசியில் அக்காவின் முகம் பார்த்து நான் கட்டுப் போடக் கற்றேன். “உப்புநீரில் கழுவு, அழுத்தாதே, விளிம்பு கறுத்திருக்கா பார்” என்று அங்கிருந்தே சொல்வாள். ஒரு நாள் கட்டு முடிந்ததும் அவள் பேசவில்லை. பிறகு, “இப்பத்தான் இங்க ஒரு பாட்டிக்கு இதே மாதிரி கட்டுப் போட உதவிட்டு வந்தேன். அவங்க மகள் டொராண்டோவில இருக்காளாம். கிறிஸ்துமசுக்கு வருவாளாம்” என்றாள். அதன்பின் இருவருமே பேசவில்லை.

நண்பர்களே! நான் அக்காவைக் குறை கூறவில்லை. அவள் அனுப்பிய பணத்தில்தான் கடன் அடைந்தது. என் படிப்பும் நடக்கிறது. அந்த ஊரையும் குறை கூறேன். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் நாட்டின் எந்த மாநிலத்துக்கும் போய்ப் பிழைக்கலாம் என்பது கனடிய அரசமைப்பு அளித்த உரிமை. ஆகவே வந்தவரைக் கட்டி வைக்க ஊரால் இயலாது. வேலை, வாடகைக்கு வீடு, பிள்ளைக்குப் பள்ளி, பனிக்காலத்தில் கதவைத் தட்டிக் கேட்கும் அண்டை வீட்டார் ஆகியவையே ஒருவரை ஓர் ஊரில் நிறுத்தி வைக்கும். இதை உணர்ந்துதான் அவ்வூரார் முன்கூட்டியே கேட்கின்றனர்: ஏன் இங்கே வாழ விரும்புகிறாய்?

இந்தக் கேள்வியை நம் ஊர்கள் நம்மிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. பேருந்தில் ஏற்றிக் கைகாட்டி அனுப்பவே அவை பழகியுள்ளன. பட்டம் பெற்றபின் நான் எங்கே போவேன் என்று இன்று என்னால் உறுதி கூற இயலாது. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று அக்கா கற்பித்திருக்கிறாள். ஆனால் எந்த ஊர் என்னிடம் அக்கேள்வியைக் கேட்டாலும், பனியையும் மீனையும் காட்டி ஏய்க்க மாட்டேன். என் ஊரே கேட்குமானால் சொல்ல ஒரு வரி இருக்கிறது. அப்பாவின் புண் இப்போது ஆறி வருகிறது. கட்டுப் போட எனக்கும் தெரியும்.