ஒரு சிறு கிண்ணத்தின் அளவு



கடந்த சில மாதங்களில் நம் சபையார் மூவர் தனித்தனியே என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஐயா, நீங்கள் செய்துகொண்ட எடை குறைப்பு அறுவைச் சிகிச்சையை நானும் செய்துகொள்ளலாமா? அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிட்டு வாழ்வது?" கேள்வியின் முதற்பாதிக்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிற்பாதிக்கு நான்கு ஆண்டுகளாக அப்படி வாழ்ந்து வருகிறவன் என்ற முறையில் நான் பதில் சொல்லலாம். மூவருக்கும் தனித்தனியே சொன்னதைச் சபையார் அனைவரும் அறிவது நலம் என்று தோன்றியதால் இந்த வாரத் தியானத்தை இதற்கென ஒதுக்குகிறேன்.

அப்போது என் எடை 128 கிலோ, உயரம் 170 செ.மீ. உடல் நிறை குறியீட்டெண் 44. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லை. நடையும் உணவுக் கட்டுப்பாடும் பலமுறை எடையைக் குறைத்தன. குறைந்த எடை பலமுறை திரும்பி வந்தது. 1991-இல் அமெரிக்க மருத்துவ வல்லுநர்கள் வகுத்த வரம்பின்படி, குறியீட்டெண் 40-க்கு மேற்பட்டவர்களும், 35-க்கு மேற்பட்டு நோய்களும் உடையவர்களும் இச்சிகிச்சைக்குத் தகுதியானவர்கள். 2022-இல் பன்னாட்டு மருத்துவர் சங்கங்கள் அந்த வரம்பைத் தளர்த்தின. ஆசியர்களின் உடலமைப்பைக் கருதி நம்மவர்க்கு இன்னும் தாழ்ந்த எண்ணையே கணக்கிடுகிறார்கள். குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் நம்மைப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று கணித்தது. இச்சிகிச்சை ஏதோ வெளிநாட்டார் செய்துகொள்வது என்று எண்ண வேண்டாம். நிதின் கட்கரி 2011-இலும், அருண் ஜெட்லி 2014-இலும் செய்துகொண்டார்கள். சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற அரசு நிறுவனங்களிலும் இது நடைபெறுகிறது.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்னும் முறை. இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெட்டி அகற்றிவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரப்பதால், அப்பகுதி போனதும் பசியும் வெகுவாகத் தணிகிறது. 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த 'பைபாஸ்' முறை வேறு. அதில் இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பையொன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள்.

நம் ஊர் பீங்கான் ஊர். எரேமியா குயவன் வீட்டுக்குப் போனதைக் குறித்து இங்கே பிரசங்கிப்பது எளிது. கேட்பவரில் பாதிப்பேர் களிமண்ணோடு பிழைக்கிறவர்கள். ஆயினும் அந்தப் பகுதியில் களிமண் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. கெட்டுப்போன பாத்திரத்தைப் பிசைந்து மறுபடி வனைய முடிகிறது. சூளைக்குள் சென்று வந்த பாத்திரத்தின் காரியம் வேறு. நம் தொழிற்பேட்டையில் மின்சாரப் பீங்கான் செய்யும் சபையார் ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். மண் உலரும்போதும் வேகும்போதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகையால் அச்சையே அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு உலர்த்தினால் விரிசல் விழும். 1200 பாகைக்கு மேல் வெந்தபின் அது திரும்பக் களிமண் ஆகாது. பிரியமானவர்களே, இச்சிகிச்சையும் அப்படிப்பட்டது. வெட்டி அகற்றிய இரைப்பை திரும்பி வராது. உடல் சுருங்கும் காலத்தில் அவசரம் காட்டினால் விரிசல் விழும். அதை அறிந்துகொண்டே உள்ளே போக வேண்டும்.

இனி உணவைப் பற்றிச் சொல்லுகிறேன். முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும்: வடிகட்டிய ரசம், மோர், பருப்புத் தண்ணீர், இளநீர். ஒரு தம்ளர் மோர் பருக எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. பிறகு மென்மையான இட்லி, அவித்த முட்டை, குழம்பில் வெந்த மீன். இரண்டாம் மாத முடிவில்தான் சாதாரண உணவு. என் மனைவி என் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சட்னி வைக்கும் சிறு பீங்கான் கிண்ணம் ஒன்றைத் தந்தாள். இன்றும் அதுவே என் அளவு. முதலில் முட்டை, பயறு, மீன் ஆகிய புரதம், அடுத்துக் காய், இடமிருந்தால் இரண்டு வாய்ச் சோறு. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். உண்ணும்போது தண்ணீர் குடிப்பதில்லை. உண்டு முடித்து அரை மணி நேரம் கழித்தே குடிப்பேன். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். ஒரு வாய் மிகுந்தாலும் நெஞ்சில் கல் வைத்தாற்போல் அடைக்கும். பூரியும் உலர்ந்த கோழிக்கறியும் எனக்கு இன்றுவரை இறங்குவதில்லை. இனிப்பை மிகுதியாக உண்டால், பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறப்பாக, வியர்வையும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும்.

மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் விடலாகாது. வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சிறுத்த வயிறு உணவிலிருந்து மட்டும் போதிய அளவு பெறாது. ஓயாமல் வாந்தி எடுப்பவர் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தையமின் குறைந்தால் மூளையும் நரம்பும் கெடும். மூன்றாம் மாதத்தில் என் தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. ஆறு மாதத்தில் வளரத் தொடங்கியது. எடை விரைந்து குறைகையில் பித்தப்பையில் கல் உண்டாவதும் உண்டு. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஆபத்தே இல்லாத சிகிச்சை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024-இல் சென்னையில் இத்தகைய சிகிச்சையின்போது ஓர் இளைஞர் உயிரிழந்த செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அனுபவமுள்ள மருத்துவரையும், தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையையும் தேடுங்கள். விளம்பரத்தைப் பார்த்துப் போகாதிருங்கள்.

இவையெல்லாம் உடலின் காரியம். எனக்கு அதைவிடக் கடினமாயிருந்தது வீடு சந்திப்பு. ஒரு மாலையில் ஐந்து வீடுகளுக்குப் போனால் ஐந்து வீட்டிலும் தட்டு வரும். வறுத்த முந்திரி, பலாச்சுளை, பலகாரம், காப்பி. வசதியற்ற வீட்டில் கடனுக்கு வாங்கிய கலர் பாட்டில். "ஐயா, எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டீர்களா?" என்று ஒரு தாயார் கேட்டபோது அவர் கண்ணில் வருத்தத்தைக் கண்டேன். இந்தத் தேசத்தில் ஒருவர் வீட்டில் உண்ண மறுப்பதற்கு ஒரு கொடிய பொருள் உண்டு. எந்த வீட்டில் உண்ணலாம், எந்த வீட்டில் உண்ணலாகாது என்று சாதி வகுத்த ஊர்களில் அல்லவா நாம் சுவிசேஷத்தோடு நடக்கிறோம்? போதகர் தட்டைத் தள்ளினால் அந்தப் பழைய காயம் திறக்கும்.

ஆண்டவர் எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது, தங்கள் முன் வைக்கப்படுவதை உண்ணும்படி கட்டளையிட்டதாக லூக்கா பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பகுதி என்னை நீண்ட நாள் வாதித்தது. திரும்பத் திரும்ப வாசித்தபோது ஒன்றைக் கண்டேன். அங்கே ஆண்டவர் அளவைச் சொல்லவில்லை. வீடு மாறி வீடு போய் நல்ல விருந்து தேடாதீர்கள், ஏழை வைத்ததை இகழாதீர்கள் என்பதே அதன் கருத்து. ஆகையால் இப்போது எந்த வீட்டிலும் நான் தட்டை மறுப்பதில்லை. அதிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து, அந்த வீட்டார் காண, மென்று உண்கிறேன். மீதியை அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறேன். அந்தத் தாயார் வீட்டில் அரை இட்லி உண்டேன். அவர் முகம் மலர்ந்தது. பந்தி உறவு உண்டாக ஒரு வாய் போதும் என்பதைத் திருவிருந்தில் ஒரு சிறு துண்டு அப்பத்தைக் கையில் வாங்குகிற நாம் அறியாதவர்களா?

லெந்து நாட்களின் உபவாசமும் ஒரு கேள்வியாய் நின்றது. இச்சிகிச்சை செய்துகொண்டவர் தண்ணீரும் இல்லாமல் நாள் முழுவதும் இருந்தால் உடல் வறண்டு மயங்குவார். மொத்தமாகக் குடித்து ஈடுசெய்யவும் இயலாது. ஆகவே மடக்கு மடக்காக நீர் பருகிக்கொண்டே உபவாச ஜெபத்தை நடத்துகிறேன். உணவுக்குப் பதிலாகக் கைப்பேசியையும் மாலைச் செய்தியையும் விலக்குகிறேன். சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான். அதுவும் ஒரே வேளையில் அன்று, இரண்டு தடவையாக. பலவீனப்பட்ட சரீரத்தைத் தேவன் எவ்வாறு நடத்துகிறார் என்று அங்கே காண்கிறோம்.

"ஜெபத்தால் குறைந்திருக்காதா? கத்தி வைப்பது அவிசுவாசம் அல்லவா?" என்று கேட்டவர்களும் உண்டு. எசேக்கியா ராஜா ஜெபித்தான், கர்த்தரும் கேட்டருளினார், ஆயினும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தான். ஜெபமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. வேறு சிலர் பருமனைப் பெருந்தீனிக்காரனின் தண்டனையாகவே பார்க்கிறார்கள். பரம்பரை, ஹார்மோன், மனச்சோர்வு, உட்கார்ந்த வேலை, வேறு நோய்களுக்கு உண்ணும் மருந்து எனப் பல காரணங்கள் ஓர் உடலில் கூடுகின்றன. யோபின் சிநேகிதரைப் போல நோயாளியின் அருகே அமர்ந்து பாவக்கணக்குப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று ஏசினார்கள் என்பதை மறவாதிருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் எடை ஒன்றரை ஆண்டில் 84 கிலோவாக இறங்கியது. சர்க்கரை மாத்திரைகள் நின்றன. இப்போது எடை 88. ஓராண்டு, ஈராண்டு கழித்துச் சற்றே எடை ஏறுவது பலருக்கும் நேர்வதே; சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆய்விலும் அவ்வாறே கண்டார்கள்; எனினும் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். வயிறு சிறுத்தாலும் பழைய ஆசை சிறுப்பதில்லை. துக்க வீட்டிலிருந்து திரும்பும் இரவுகளில் பசி இல்லாமலே என் கை பலகார டப்பாவை நாடுகிறது. கத்தி எட்டாத அந்த இடத்தைத்தான் நான் அன்றாடம் ஆண்டவர் முன் வைக்க வேண்டியிருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா ஆளுக்கு ஓர் ஓமர் அளவே கிடைத்தது. மறுநாளுக்கென்று பதுக்கியதில் புழு உண்டாயிற்று. ஆண்டவர் கற்பித்த ஜெபத்திலும் நாம் கேட்பது ஒரு நாளுக்குரிய அப்பத்தையே. 128 கிலோ எடையோடு அந்த ஜெபத்தைச் சொன்ன நாட்களில் அதை நான் ஏழைகளின் ஜெபம் என்று எண்ணியிருந்தேன். இப்போது அது என் ஜெபமாகவும் இருக்கிறது.

ஆகவே சபையாருக்கு என் வேண்டுகோள்கள் சில. இச்சிகிச்சை செய்துகொண்டவர் பந்தியில் அமர்ந்தால் இலையை நிரப்பாதிருங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதிருங்கள். கலியாண வீட்டில் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவருக்கு உணவைவிட உங்கள் துணை தேவை. "இளைத்துவிட்டீர்களே, நோயா?" என்றும், "மறுபடி பருத்துவிட்டீர்களே" என்றும் கேட்காதிருங்கள். சிகிச்சையை எண்ணுகிறவர்கள் கணவன் அல்லது மனைவியோடு அமர்ந்து பேசுங்கள். சமைக்கிறவர் உடன்படாமல் இது நிலைக்காது. முடிவெடுக்குமுன் என்னிடமும் வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம்.

யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய ஆண்டவர், எல்லாரும் பிரமித்து நிற்கையில், அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. நோயிலிருந்து எழுந்த ஒரு சிறு பெண் எவ்வளவு உண்பாளோ அவ்வளவு. அந்த அளவை அறிந்து பரிமாறும் அன்பை நம் வீடுகளுக்கும் சபைக்கும் கர்த்தர் தந்தருள்வாராக. ஆமென்.