வில்லுக்கத்தியின் பூட்டு

சிலாபத்திலிருந்து கரையோரமாக வடக்கே செல்வோர், ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் ஏரியுமாக ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தைக் காண்பர். திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பினாலும், கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களினாலும் பலரறிந்த ஊர் அது. அங்கே அறுபது வயதைக் கடந்த கடற்றொழிலாளி ஒருவர் இருக்கின்றார். அவர் இப்பொழுது வலைக்கயிற்றைத் தொடுவதில்லை. சுட்டுவிரல் மடங்காத கைக்குக் கயிற்றில் என்ன வேலை? வலை பொத்துவதும், பிறர் கொண்டுவரும் கத்திகளைப் பார்த்துச் சொல்லுவதுமே அவர் தொழிலாகிவிட்டன. முன்னதற்குக் கூலி உண்டு. பின்னதற்கு ஒரு கோப்பைத் தேநீர்.

மடக்குக் கத்தியை நம்மவர் வில்லுக்கத்தி என்பர். இப்பெயரைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். பேனாக்கத்தி என்ற சொல் அக்கத்தி முன்னாளில் செய்த வேலையைச் சொல்லுகின்றது. இறகுப் பேனாவைச் சீவியது அது. வில்லுக்கத்தி என்ற சொல்லோ கத்தியின் உள்ளுறுப்பைச் சொல்லுகின்றது. பிடியின் முதுகில் கிடக்கும் எஃகு வில், விரித்த அலகின் அடியை அழுத்தி நிறுத்துகின்றது. அது நிறுத்துமே தவிரப் பூட்டாது. பழங்களை நறுக்கவும் பீடிக்கட்டைப் பிரிக்கவும் அந்த அழுத்தமே போதும். கடலில் அது போதாது என்பதைக் கண்டே பூட்டுடைய கத்திகளை வாங்கத் தொடங்கினர்.

இன்று சந்தைகளிற் காணப்படும் கத்திகளுள் பெரும்பாலானவை கறுப்புப் பூச்சும் படைவீரருக்குரிய தோற்றமும் கொண்டவை. பெட்டியின் மேல் துப்பாக்கி ஏந்திய ஒருவனின் படமும் இருக்கும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் காலத்தில் இத்தகைய பொருளை மடியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்க எவரும் விரும்பியிரார். இப்பொழுது இளைஞரை இழுப்பது அத்தோற்றமே. பெரியவர் பெட்டியைப் பார்ப்பதேயில்லை. கத்தியை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூட்டு எங்கே வந்து நிற்கின்றது என்பதை முதலிற் பார்ப்பார்.

அவருடைய விரலுக்கு நேர்ந்ததை இவ்விடத்திற் சொல்லிவிடுவது நன்று. இருபது ஆண்டுகளுக்கு முன், கண்ணாடியிழைப் படகில் மீண்டு வருகையில், மிதந்து திரிந்த நைலோன் கயிறொன்று இயந்திரத்தின் விசிறியிற் சுற்றிக்கொண்டது. கரைத்திரை உடையும் இடத்துக்கு அண்மையில் இயந்திரம் நின்றுவிட்டால், படகு பக்கவாட்டாகத் திரும்பிக் கவிழ அதிக நேரம் வேண்டியதில்லை. படகில் மூவர் இருந்தனர். இவர் இயந்திரத்தைச் சரித்து, வெளியே குனிந்து, தம் மடக்குக் கத்தியால் கயிற்றை அறுத்தார். தும்புக் கயிறு அலகுக்கு இடம் கொடுக்கும். விசிறி சுழன்ற சூட்டில் உருகி இறுகிய நைலோனோ அலகைக் கவ்விப் பிடிக்கும். பிடியைத் திருகிக் கத்தியை வெளியே இழுத்தபொழுது அலகின் முதுகு விசிறித் தகட்டில் மோதியது. பெரிய அடியன்று, கதவைத் தட்டுவது போன்ற ஓர் அடி. பூட்டு விலகி அலகு விரல்மேல் மடிந்தது. கயிற்றின் எஞ்சிய பகுதியை மற்றொருவர் அறுக்க, மூவரும் கரை சேர்ந்தனர். மருத்துவமனையிற் காயம் தைக்கப்பட்டது. ஆயினும் விரலை மடக்கும் தசைநாண் பின்னர் தன் வேலையைச் செய்யவில்லை.

அக்கத்தியின் பூட்டு, பிடியின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் வளைந்து வந்து அலகின் அடிக்குப் பின்னால் நிற்கும் வகையைச் சேர்ந்தது. இம்முறை பழையதே எனினும், 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வோக்கர் என்னும் அமெரிக்கக் கத்திச் சிற்பி திருத்தியமைத்த பின்னரே பெரிதும் பரவியது. செவ்வையாகச் செய்யப்பட்டால் நல்ல பூட்டுத்தான். ஆனால் இதன் வலிமை முழுவதும் தகட்டின் நுனியும் அலகின் அடியும் சந்திக்கும் சிறு சரிவில் அடங்கியுள்ளது. தகடு விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் பிடிப்புக் குறைவு. எதிர்ப்பக்கத் தகட்டை முட்டும் அளவுக்குச் சென்றுவிட்டால் தேய்ந்து போயிற்று என்பது பொருள். சரிவு பிழைத்த கத்தியில், பிடியைத் திருகும்பொழுது தகடு வழுக்கிவிடும்.

முதுகுப் பூட்டு வேறு வகை. பிடியின் முதுகிலுள்ள தண்டு ஒன்று, அலகின் அடியில் வெட்டப்பட்ட பள்ளத்தில் விழுந்து நிற்கும். 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்னும் கத்தி இவ்வகையைப் பெரும் புகழ் பெறச் செய்தது. திருகலுக்கு இது எளிதில் அசையாது. ஆனால் மீன் செதிளும் மணலும் பள்ளத்தில் அடைந்துவிட்டால், தண்டு பாதி விழுந்து, முழுவதும் விழுந்ததைப் போலத் தோன்றும். பூட்டாத பூட்டைக் காட்டிலும் பூட்டியதாகக் காட்டும் பூட்டே கொடியது என்பது பெரியவரின் துணிபு. பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் கத்தியின் வளையப் பூட்டு, 1955இல் அதற்குச் சேர்க்கப்பட்டது. கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லை. அதன் எளிமை வியக்கத்தக்கது. ஆயின் அதன் மரப்பிடி நீரில் ஊறினால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். மலைநாட்டு உழவனுக்காகப் பிறந்த கத்தியைக் கடல்நீரிற் போட்டுவிட்டு அதனைக் குறை கூறுதல் முறையன்று.

பூட்டைப் பார்த்தபின் பெரியவர் ஆட்டத்தைப் பார்ப்பார். அலகு பக்கவாட்டில் ஆடினால் அது திருகாணியின் தளர்ச்சி, முடுக்கிச் சரிசெய்யலாம். மேலும் கீழுமாக ஆடினால் குறை பூட்டில் உள்ளது, முடுக்குவதால் தீராது. அடுத்து, கத்தியை ஒருமுறை விரைவாகவும் மறுமுறை மிக மெதுவாகவும் விரிப்பார். விசையோடு விரித்தாற் சரியாக விழும் பூட்டு, நனைந்த கை தயங்கித் தயங்கி விரிக்கையில் அரைகுறையாக நின்றுவிடுவதுண்டு. ஈற்றில், மடியும் வழியில் விரல் எதுவும் இல்லாதவாறு பிடியைப் பற்றி, அலகின் முதுகை மரக்கட்டையில் மெல்லத் தட்டுவார். கத்தியின் முதுகால் எவரும் வெட்டுவதில்லை. எனவே இச்சோதனை வீண் என்று வாதிடுவோர் உளர். ஓங்கி அடிப்பது வீண் என்பதில் ஐயமில்லை. நல்ல பூட்டையும் அது கெடுத்துவிடும். மெல்லிய தட்டலுக்கும் நில்லாத பூட்டைப் பற்றி அவ்வாறு வாதிடுவோர், ஒருமுறை விசிறியிற் சிக்கிய கயிற்றை அறுத்துப் பார்க்கலாம்.

எஃகைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஏறத்தாழ 10.5 சதவீதத்துக்குக் குறையாமற் குரோமியம் கலந்த எஃகையே துருப்பிடியாதது என்பர். உப்புக்காற்றில் அதுவும் முழுவதும் தப்புவதில்லை. உப்புநீர் தேங்கும் அச்சாணி இடுக்கிலேயே அரிப்புத் தொடங்குகின்றது. நன்னீரிற் கழுவி, உலர்த்தி, ஒரு துளி தேங்காயெண்ணெய் இடுவதே அவர் கூறும் மருந்து.

சென்ற பருவத்தில் அவருடைய தங்கை மகன், முதல் முறையாகத் தன் பங்காகக் கிடைத்த பணத்தில் கறுப்புக் கத்தி ஒன்றை வாங்கி வந்தான். வீட்டுக்குக் கொடுத்தது போக எஞ்சியது அனைத்தும் அதற்கே போய்விட்டது.

“நல்ல சாமான் மாமா. பூட்டும் இருக்கு.”

“பூட்டு இருக்கு மருமோன். பூட்டுதா எண்டு பார்ப்பம்.”

தகடு விளிம்பிலேயே நின்றது. மூன்றாவது தட்டலில் அலகு மடிந்தது. இளைஞன் ஒன்றும் பேசவில்லை. பெரியவர் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்த மசகைத் துடைத்து, மீண்டும் பொருத்திப் பார்த்தார். இம்முறை ஐந்தாவது தட்டல் வரை தாங்கியது. அவர் எழுந்து வீட்டினுள்ளே சென்று, பனங்காய் வெட்டும் இரும்புக் கத்தி ஒன்றை எடுத்து வந்தார். மடங்காத கத்தி, மரப்பிடி, சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகியிருந்தது. பழைய றப்பர்க் குழாய்த் துண்டொன்றை அதற்கு உறையாக்கி, பிடியில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கொடுத்தார். அந்தச் சிறு துளையை இடுவதற்கு அவருக்கு அரை மணி நேரம் சென்றது. மடங்காத விரல் வேலைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. உதவ வந்த மருமகனை அவர் தடுத்துவிட்டார்.

மறுநாள் விடியுமுன் இளைஞன் தொழிலுக்குப் போனான். இரும்புக் கத்தி படகின் உட்புறத்தில், இயந்திரத்துக்கு ஒரு கையெட்டில் கட்டப்பட்டிருந்தது. கறுப்புக் கத்தியும் அவனது சாரத்தின் மடியிலேயே இருந்ததைப் பெரியவர் கண்டார். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை.