ரஞ்சன்குடிக் கோட்டைக்கு ஏறுவோமா?

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்கள், பெரம்பலூர் தாண்டியதும் அந்தக் கல்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். "அதோ பாரு, கோட்டை!" என்று குழந்தைக்குக் காட்டியும் இருப்பீர்கள். இறங்கி ஏறிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாரே, இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் மேலே போனதில்லையாம்! பொங்கல் லீவுக்குப் போயிருந்தபோது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

கர்நாடக நவாபுகளின் கீழ் இருந்த ஒரு ஜாகீர்தார் 17-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இது. சுற்றிலும் அகழி. செதுக்கிய கல்லை அடுக்கி, அரைவட்டக் கொத்தளங்களோடு ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில். கீழே இருப்பது பேட்டை, உச்சி கோட்டைமேடு. 1751-ல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் மோதிய வாலிகண்டபுரம் சண்டை இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. ராபர்ட் கிளைவும் அந்தப் படையோடு வந்திருந்தார். எதற்கு என்கிறீர்கள்? சிப்பாய்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் சேகரித்துக் கொடுக்கும் வேலைக்கு! நம்ம வேலைதான்.

ஏற்றம் ரொம்ப உயரமில்லை. சில இடத்தில் படி, சில இடத்தில் வெறும் பாறை. வெயில் ஏறிவிட்டால் கல் கொதிக்கும். ஒதுங்க நிழலும் குறைவு. பாதி வழியில் என் நாத்தனார் முகம் வெளுத்து, "கண்ணை இருட்டுது அண்ணி" என்று உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. "குடிச்சா அப்புறம் எங்க ஒதுங்கறது?" என்றாள்.

வெளியூர் கிளம்பினால் நாம் எல்லோரும் செய்கிற காரியந்தானே இது? கழிப்பிடம் இருக்குமோ இருக்காதோ என்று பயந்து வாயைக் கட்டிக்கொள்கிறோம். தலைசுற்றலும் நீர்க்கடுப்பும் வருவது அதனால்தான். தண்ணீர் குடிக்காவிட்டாலும் வியர்வை நிற்காது. உடம்பு தன்னிடம் இருப்பதையே இழந்துகொண்டிருக்கும். கோட்டையில் வசதி இருக்கும் என்று நம்பிப் போகாமல், கிளம்பும் வீட்டிலோ பெரம்பலூரிலோ முடித்துக்கொண்டு வாருங்கள். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே ஏறுங்கள்.

அவளை மதில் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி வைத்தேன். குழந்தைகளுக்காகக் கொண்டுபோன உப்பு சர்க்கரைத் தண்ணீரை மெல்ல மெல்லக் கொடுத்தேன். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான். உப்பு கூடவே கூடாது. கால் மணியில் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால் மட்டும் இந்தக் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சியைப் பாக்காமப் போறதா?" என்று அவளே எழுந்தாள். மேலே போனால், அடடா! மேற்கே பச்சைமலை நீலமாகப் படுத்திருக்கிறது. கீழே மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் பூமி. நெடுஞ்சாலையில் போகும் பஸ்கள் தீப்பெட்டி மாதிரி. காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகிறது! மதில் விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. குழந்தையின் கையை விடாதீர்கள். நிலவறைக்குள் தனியாக விடவும் வேண்டாம்.

தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் இது. கல்லில் பெயர் கிறுக்கினால் சட்டப்படி குற்றம். கரியும் கையுமாக நின்ற என் சின்னவனுக்கு இதைச் சொல்லித்தான் அதைப் பிடுங்கினேன்.

பத்து மணிக்குள் இறங்கிவிட்டால் சுகம். இறங்கிவந்து மரநிழலில் புளியோதரையும் மோர்மிளகாயும் சாப்பிட்டோம். அடுத்த லீவுக்குச் சாத்தனூர் கல்மரம் என்று பிள்ளைகள் இப்போதே பிடிவாதம். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியதாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.