முழுப் போத்தல்

எலிகளை ஒழிப்பது பற்றி எனது பத்திரிகை வாழ்வில் எத்தனையோ தடவைகள் எழுதியிருக்கிறேன். எலிகளை வளர்ப்பது பற்றி எழுதுவது இதுவே முதற்றடவை. வாசகர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொண்டு வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரிகைக்காரனுக்கும் எலிக்கும் பழைய பகை உண்டு. பக்கங்களை வெட்டி ஒட்டித் தயாரித்த காலத்தில் நாங்கள் கோதுமை மாவைக் காய்ச்சித்தான் பசை செய்தோம். இரவில் எலிகள் அந்தப் பசையை நக்கித் தீர்த்துவிட்டு, ஒட்டிய பக்கங்களின் ஓரங்களையும் அரித்துவிடும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாள் கிடைக்கவில்லை. அப்பியாசக் கொப்பித் தாளிற்கூடப் பத்திரிகை அச்சிட்டோம். அந்நாட்களில் ஒரு கட்டுத் தாளை எலி அரித்துவிட்டால், எத்தனையோ வீடுகளுக்கு அன்று பத்திரிகை இல்லை என்றே அர்த்தம். எனவே எலிகள்மீது எனக்கு இரக்கம் இருந்ததில்லை.

2019 ஆம் ஆண்டு கோடைக் காலத்தில் ஸ்காபரோவில் உள்ள மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். பதினாறு வயதான பேரன் நிலக்கீழ் அறையில் சோளப் பாம்புகளை வளர்த்தான். அவை வட அமெரிக்காவைச் சேர்ந்த நஞ்சற்ற பாம்புகள். பெரியவை இரண்டு, முந்திய ஆண்டில் முட்டையிலிருந்து வந்த சிறியவை ஒன்பது. பெரிய பாம்புக்குப் பத்து நாட்களுக்கு ஓர் எலி போதும். சிறியவற்றுக்கு வாரம் ஒரு குட்டி வேண்டும். மாதத்துக்கு நாற்பதுக்கு மேல் என்று கணக்குப் போட்டான். கடையில் வாங்கினால் செலவு கட்டுபடியாகாது என்பதால் எலிகளையும் தானே வளர்க்கத் தொடங்கியிருந்தான். "உங்கட பேரன் பண்ணை வைச்சிருக்கிறான் அப்பா, வீடு முழுக்க மணக்குது" என்று மகள் தினமும் முறையிடுவாள்.

அந்தப் பண்ணையைப் பார்த்ததும் வியந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு பெரிய பிளாஸ்ரிக் பெட்டிகள். மூடியின் நடுவே வெட்டி, கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்களுடைய கம்பிவலை பொருத்தியிருந்தான். இளஞ்சுண்டெலி விரற்கடை இடுக்கிலும் நுழைந்து வெளியேறிவிடுமாம். இரண்டு பெட்டிகளில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள். மற்றைய இரண்டில் வளரும் ஆண்கள் வேறாக, பெண்கள் வேறாக. முன்பின் அறியாத இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். நான்கு வார வயதுக்குள் பால் பிரிக்காவிட்டால், ஐந்தாறு வாரத்தில் அவையே இனப்பெருக்கம் தொடங்கிவிடும்.

கணக்கு இப்படித்தான் போகிறது. சுண்டெலியின் சூற்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மீண்டும் கருத்தரிக்க முடியும். பிறந்த குட்டி ஏறத்தாழ ஒரு கிராம் எடை. உடலில் மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. குடித்த பால் வயிற்றுத் தோலினூடாக வெள்ளைக் கோடாகத் தெரியும். "அந்த வெள்ளை தெரிஞ்சால் தாய் பால் குடுக்குது எண்டு அர்த்தம், அம்மப்பா" என்று பேரன் விளக்கினான். இரண்டு வாரமளவில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் பால் மறக்கும்.

உணவு, ஆய்வுகூட எலிகளுக்கென உருட்டிச் செய்த கட்டி உணவு. விதைகளைக் கலந்து வைத்தால் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்று சத்தை விட்டுவிடுமாம், எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல. வளர்ந்த ஓர் எலி நாளொன்றுக்கு நான்கைந்து கிராம் தின்று, ஐந்து மில்லிலீற்றர் அளவு நீர் குடிக்கும். பாலூட்டும் தாய்க்கு இதனிலும் மிகக் கூடுதலாக வேண்டும். கீழே அஸ்பன் மரச்சீவல், கூடு கட்டக் கடதாசித் துண்டுகள். சீடர் மரச்சீவலின் வாசனை அவற்றின் சுவாசத்துக்குக் கேடு. வாரம் ஒருமுறை துப்புரவு செய்யும்போது பழைய கூட்டில் ஒரு பிடியை மீண்டும் உள்ளே வைக்க வேண்டும். தன் மணம் முற்றாக அற்றுப்போனாலோ அதிகம் தொந்தரவு செய்தாலோ தாய் குட்டிகளையே தின்றுவிடக்கூடும்.

மணத்தின் வலிமை அத்தகையது. புதிதாகக் கருத்தரித்த பெண் சுண்டெலி அந்நியமான ஓர் ஆணின் வாடையை முகர்ந்தாலே கரு தங்காமற் போகலாம் என்பதை ஹில்டா புரூஸ் என்ற பிரித்தானிய விஞ்ஞானி 1959 இல் கண்டறிந்தார்.

பழக்கதோஷத்தால் நானும் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற சிற்றூரில் அபி லத்ரொப் என்ற முன்னாள் ஆசிரியை கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் பண்ணையில் சுண்டெலிகளை வளர்த்து விற்றார். ஓட்ஸும் பிஸ்கற்றும் கொடுத்து வளர்த்தார். முதலில் பொழுதுபோக்காக வளர்ப்போருக்கு விற்றார். பின்னர் ஆய்வுகூடங்கள் அவரைத் தேடி வந்தன. உலகெங்கும் இன்று ஆய்வுகளில் பயன்படும் புகழ்பெற்ற கறுப்புச் சுண்டெலி வம்சம் அவருடைய எலிகளிலிருந்து 1921 இல் உருவாக்கப்பட்டதே. 2002 இல் சுண்டெலியின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது வாசிக்கப்பட்டதும் அந்த வம்சத்தினுடையதே. பேரனின் பெட்டிகளை அதன்பின் சற்று மரியாதையுடன் பார்த்தேன்.

அவன் உயிருள்ள எலியைப் பாம்புக்குப் போடுவதில்லை. மூலையில் சிக்கிய எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்திவிடும் என்பது ஒரு காரணம். எலி அஞ்சி அஞ்சிச் சாகக்கூடாது என்பது மற்றையது. காபனீரொட்சைட்டு வாயுவால் மயங்கவைத்துக் கொன்று, தனியான சிறிய குளிர்ப்பெட்டியில் உறையவைத்து, கொடுக்குமுன் இளஞ்சுடுநீரில் இளக வைப்பான். உறைநிலையிலும் சல்மனெல்லாக் கிருமி சாவதில்லை என்பதால் சமையலறைப் பெட்டியில் வைக்க மகள் அனுமதிக்கவில்லை. கை கழுவாமல் மேலே வரவும் முடியாது.

ஓகஸ்ட் மாதம் இலண்டனில் ஒரு கலியாணம். முழங்கால் நோவைக் காரணங்காட்டி நான் போகவில்லை. பன்னிரண்டு நாட்களுக்கு எலிகள் என் பொறுப்பு.

"பாம்பு ரெண்டு கிழமை பட்டினி கிடக்கும் அம்மப்பா. எலி ரெண்டு நாள் கிடக்காது. எலியைத்தான் கவனமாப் பாக்கவேணும்" என்று சொல்லி ஒரு கொப்பியைத் தந்தான். முதற் பக்கத்தில் எழுதியிருந்த முதல் விதி: நாள்தோறும் தண்ணீர்ப் போத்தலின் முனையில் உள்ள குண்டை விரலால் தட்டி, ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்கவும்.

முதல் நான்கு நாட்கள் தட்டினேன். சொட்டு வந்தது. பின்னர் குனிவது சிரமமாக இருந்தது. போத்தல்களோ கண்ணாடி போலத் தெளிவானவை, நின்றபடியே பார்க்கலாம். ஐந்தாம் நாளிலிருந்து பார்வையாலேயே கணக்கெடுத்தேன். மூன்றாம் பெட்டிக்கு நேரே "தண்ணீர்: முழு" என்று எழுதினேன். அடுத்த நாளும் "முழு". அதற்கடுத்த நாளும் "முழு". மனதுக்குள் திருப்தியாகவும் இருந்தது.

எட்டாம் நாட் காலை மூன்றாம் பெட்டியில் அசைவில்லை. மரச்சீவலின் தூள் ஏறிக் குண்டு இறுகியிருந்தது. மூன்று நாட்களாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. குடிக்க முடியாததாலேயே போத்தல் முழுதாக இருந்தது. பாலூட்டிக்கொண்டிருந்த இரண்டு தாய்களும் அவற்றின் பதின்மூன்று குட்டிகளும் இறந்து கிடந்தன. குட்டிகளின் வயிற்றில் வெள்ளைக் கோடு இல்லை. ஆணும் மற்றைய பெண்ணும் தலைதூக்க முடியாமற் கிடந்தன. ஒரு மூடியில் நீர் ஊற்றி அவற்றின் வாயருகே பிடித்தேன். அவை குடித்தன.

செய்தி வராத இடத்தில் எல்லாம் நலமென்று எண்ணாதீர்கள் என்று இளம் நிருபர்களுக்கு நாற்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். மாறாத போத்தலை மூன்று நாட்கள் நற்செய்தியாகப் பதிவு செய்திருந்தேன்.

அன்று முழுவதும் நினைவுக்கு வந்தது வேறொரு கூடு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் ஐந்து கோழிகளும் ஓர் ஆடும் இருந்தன. ஆட்டின் கயிற்றை நான் அவிழ்த்துவிட்டேன். கோழிக்கூட்டை மனைவி திறந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் திறந்திருப்பேன் என்று அவள் நினைத்தாள். நாவற்குழிப் பாலத்தை மழையில் ஆமைபோல ஊர்ந்து கடந்த அந்த இரவில் இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. 1996 இல் திரும்பிவந்தபோது கூட்டின் கொளுவி போட்டபடியே இருந்தது. உள்ளே இறகும் எலும்பும். மனிதர்கள் எத்தனையோ பேரை இழந்த காலத்தில் ஐந்து கோழிகளுக்காக அழுவது நாகரிகமல்ல என்று இருவரும் வாய்மூடியிருந்தோம். மனைவி இறக்கும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மாலையில் பேரனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓர் எலியும் சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடப்பவற்றோடு பார்த்தால் பதினைந்து பெரிய எண்ணிக்கையல்ல. ஆயினும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.

"பாம்புக்குக் குடுக்கத்தான் வளர்க்கிறன் அம்மப்பா. எண்டாலும் தண்ணியில்லாமல் சாகவிடக்கூடாது" என்றான். பின்னர், "மிச்ச ரெண்டும் குடிச்சதோ?" என்று கேட்டான்.

குடித்தன என்றேன். இறந்தவற்றைப் பாம்புக்கு வைக்கவேண்டாம், புதைத்துவிடுங்கள் என்றான். பின்வளவில், மகளின் தக்காளிச் செடிகளுக்கு அப்பால் புதைத்தேன்.

திரும்பி வந்தவன் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. பெட்டிக்கு இரண்டு போத்தல்கள் வீதம் மாட்டினான். கொப்பியில் "தண்ணீர்" என்றிருந்த தலைப்பை வெட்டிவிட்டு, அதற்குமேல் "எவ்வளவு குறைந்தது?" என்று எழுதினான்.